‘ஒவ்வொரு நபரும்’: வருமான வரிச் சட்டம் 139(1)க்கு முசரவாக்கத்திலிருந்து ஓர் உரை

வரி கட்டுகிறாரோ இல்லையோ, நாட்டின் ஒவ்வொரு குடிமகனும் ஆண்டுக்கொருமுறை ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும் என்ற யோசனை நம்மிடையே அடிக்கடி எழுகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. எல்லாரும் கணக்குக் காட்டினால் கறுப்புப் பணம் எங்கே ஒளியும் என்று கேட்கிறார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்வதைவிட, இன்று யார் கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லும் சட்டப் பிரிவை எடுத்துச் சொல் சொல்லாக உரை காண்பது பயன் தரும். திருக்குறளுக்கு உரை செய்த பரிமேலழகர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்கிறது. அந்த வட்டாரத்திலிருந்து வரிச் சட்டத்துக்கும் உரை எழுதலாம், தவறில்லை.

மூலம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு. 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே செய்தி 263ஆம் பிரிவாக அமைகிறது. அதன் சாரத்தை என் தமிழில் தருகிறேன்:

கம்பெனியோ கூட்டு வணிகமோ ஆகிய ஒவ்வொரு நபரும், மற்றவர்களில் முந்தைய ஆண்டின் மொத்த வருமானம் வரி விதிக்கப்படாத உச்ச அளவைக் கடந்த ஒவ்வொரு நபரும், உரிய நாளுக்குள், விதித்த படிவத்தில், விதித்தபடி உறுதி செய்து, அந்த வருமானத்தின் கணக்கை அளிக்க வேண்டும்.

உரைக்கு ஓர் ஆள் வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒரு பட்டுத் தறிக்காரரை நினைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்து முதலாளி ஒருவரிடம் பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் வாங்கி வந்து, வீட்டுக் குழித்தறியில் நெய்து, சேலையைக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர். நல்லது கெட்டது கழித்து ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, கணக்கு மட்டும் சட்டப்படி.

“ஒவ்வொரு நபரும்”

குடிமகன் என்ற பேச்சே மூலத்தில் இல்லை. தனி ஆள், இந்துக் கூட்டுக் குடும்பம், கம்பெனி, கூட்டு வணிகம், ஆட்களின் கூட்டமைப்பு, உள்ளாட்சி அமைப்பு, சட்டம் ஆளாகக் கருதும் பிற எல்லாம் என்று ஏழு வகையாக ‘நபர்’ விரிகிறது. கோயில் மூர்த்தியும் வரிச் சட்டத்தின் கண்ணில் தனி ஆள்தான் என்று 1969இல் ஜோகேந்திர நாத் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயிரம் கோயில் நகரம் என்று பெயர் வாங்கிய காஞ்சியில் இது வேடிக்கையான சேதியாகத் தோன்றலாம். சமய அறநிலையங்களுக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் விலக்குக்கு முந்தைய வருமானம் வரம்பைத் தாண்டினால் அவற்றுக்கும் ரிட்டர்ன் உண்டு.

ஆகவே ‘எல்லாக் குடிமக்களும்’ என்று புதிதாக எழுதப் போனால் முதல் வரியிலேயே சிக்கல். துபாயில் வேலை பார்க்கும், இந்தியாவில் ஒரு பைசா வருமானம் இல்லாத குடிமகன் உள்ளே வருவாரா? தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் குடிமகன்தானே? இலங்கை இதற்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தது. பொருளாதாரம் முறிந்து பன்னாட்டு நாணய நிதியத்தின் கடனை நாடிய பின், 2024 தொடக்கம் முதல் 18 வயது நிரம்பிய எல்லாரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்றது. தவறினால் 50,000 ரூபாய் தண்டம் என்ற அறிவிப்பும் வந்தது. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளிக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளிக்கும் அதே விதி. வரி தொடங்குவதோ அன்று ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வருமானத்துக்கு மேல்தான். இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டும் என்று பொருளில்லை என அதிகாரிகள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியதாயிற்று. ரிட்டர்ன் வரை போகாத, வெறும் பெயர்ப் பதிவுக்கே இந்தப் பாடு.

நம் நாட்டு அளவைக் கூட்டிப் பார்க்கலாம். 2024 ஜூலை 31 கெடுவுக்குள் வந்த ரிட்டர்ன்கள் 7.28 கோடி. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 97 கோடி. வயது வந்த எல்லாரும் என்றால், வரும் தாள் பதின்மூன்று மடங்கு. வரும் வரியோ அநேகமாக இன்றைய அளவேதான். புதிதாகச் சேரும் மடங்குகளில் பெரும்பங்கு சுழியம்.

“மொத்த வருமானம்”

பிரிவின் பாரம் முழுவதும் இந்த இரண்டு சொல்லில்தான்.

இந்த வட்டாரத்தில் நெசவுக்கு வரி புதிதல்ல. பல்லவர் செப்பேடுகளில், தானமாகக் கொடுத்த ஊர்களுக்கு விலக்கிய வரிகளின் பட்டியலில் ‘தறிக்கூறை’ வருகிறது. தறிக்காகக் கொடுத்த வரி. சோழர் கல்வெட்டுகளில் ‘தறியிறை’ என்று வருகிறது. கம்பெனி ஆட்சிக் காலத்து மதராஸ் மாகாணத்தில் மோதர்பா என்ற பெயரில் தறிக்கும் தொழிலுக்கும் வரி இருந்தது. இவை கொடுமையாக வசூலிக்கப்பட்டிருக்கலாம். அது வேறு பேச்சு. வரிக்கான அளவு கண்ணுக்குத் தெரிந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தறியை எண்ண அதிகாரி வருவான், எண்ணுவான், போவான். நெசவாளன் ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வருமானத்தை அப்படி வாசலில் நின்று எண்ண முடியாது. உடையவரே சொன்னால்தான் உண்டு. சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

நம் தறிக்காரருக்குத் தெரியுமா? அவர் வாங்கும் கூலி சம்பளமாகாது. முதலாளி–தொழிலாளி என்ற பணி உறவு அங்கே எழுத்தில் இல்லை. ஆகவே அது தொழில் வருமானம். தொழில் வருமானம் என்றால் வரவில் செலவைக் கழிக்க வேண்டும். அச்சு, பண்ணை, பாவு பிணைக்கிறவருக்குக் கொடுத்தது, டிசைன் அட்டை அடித்தது, மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறித் தறி நின்ற நாட்கள் என்று எதற்கும் ரசீது இருக்காது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு இருக்கிறது. அது கடன், வருமானமில்லை. ஆனால் ஒவ்வொரு சேலைக்கும் கூலியிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் மீதி கைக்கு வருகிறது. அவர் எண்ணியது கையில் வந்த தொகை. சட்டம் கேட்பது கழிக்கும் முன் உள்ள தொகை. இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

அடுத்தது, யாருடைய வருமானம்? கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ள இன்னொரு ஆள் தறியருகே வேண்டும். பெரும்பாலும் அது மகனோ மனைவியோ. தார் சுற்றுவது வீட்டுப் பெண்கள், வயதான அம்மா. கூலி மட்டும் ஒரே பெயரில் விழுகிறது. ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்று விதி வந்தால் அந்த வீட்டில் நாலு ரிட்டர்ன். ஒன்றில் 1,80,000, மற்ற மூன்றில் பூஜ்யம். காலை முதல் இருட்டும் வரை தார் சுற்றியவர், தமக்கு வருமானம் ஒன்றுமில்லை என்று அரசுக்கு ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பார். சட்டப்படி அதில் பொய் இல்லை.

இந்தச் சங்கடம் சட்டத்துக்கும் தெரியும். அதனால் சிறு தொழிலுக்கு 44ஏடி என்ற குறுக்குவழி வைத்தது. கணக்குப் புத்தகம் வேண்டாம்; மொத்த வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம், அல்லது அதற்கு மேல் எவ்வளவோ, அதை வருமானம் என்று சொல்லிவிடலாம். கடைக்காரருக்கு இது பொருந்தும்; அவர் விற்றதில் பெரும்பகுதி வாங்கிய விலை. தறிக்காரர் வரவில் பட்டின் விலையும் சரிகையின் விலையும் இல்லை, வெறும் உழைப்பு மட்டுமே. அவருடைய 1,80,000 வங்கிக் கணக்கில் வந்தது என்றால், 10,800 ரூபாய்தான் என் ஆண்டு வருமானம் என்று படிவத்தில் போட்டாலும் படிவம் வாங்கிக்கொள்ளும். 1,70,000 என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் வரி ஒன்றே, சுழியம்.

அப்படியானால் எதைப் போடுவார்? படிக்கப் போகிறவரைப் பார்த்துப் போடுவார். ரிட்டர்னை வருமான வரித் துறை மட்டுமா படிக்கிறது? கடன் கேட்டு வங்கிக்குப் போனால், “ஐ.டி. ஃபைல் பண்ணியிருக்கீங்களா? ரெண்டு மூணு வருஷத்துது கொண்டாங்க” என்பார்கள். அங்கே எண் பெரிதாக இருக்க வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைத்தார். மாதந்தோறும் வரும் அந்த 1,000 ரூபாய்க்கான தகுதிகளில் ஒன்று, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பது. அங்கே எண் சிறிதாக இருக்க வேண்டும். பிரதமரின் உழவர் நிதித் திட்டத்தில், முந்தைய ஆண்டு வருமான வரி கட்டியவர் இருக்கும் குடும்பத்துக்கு இடமில்லை. வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு எந்த எண்ணைச் சொன்னாலும் வரியாக ஒரு ரூபாய் செலவில்லை; ஆனால் வரவும் இழப்பும் உண்டு. இந்த நிலையில் கோடிக்கணக்கானவர்களிடம் எண் கேட்டு வாங்கினால் நாட்டின் வருமானம் தெரியவராது. வங்கிக்கும் சலுகைக்கும் நடுவே ஆளாளுக்குச் செய்துகொண்ட சமரசம்தான் தெரியவரும். எல்லாரும் தாக்கல் செய்தால் உண்மை வெளிப்படும் என்பவர்களிடம் எனக்குள்ள முதல் வழக்கு இதுதான். படிவத்தை நிரப்ப முடியாத ஏழை என்ற இரக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

“வரி விதிக்கப்படாத உச்ச அளவைக் கடந்திருந்தால்”

2025–26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் இந்த அளவு 4 லட்சம். வரித் தள்ளுபடியால் 12 லட்சம் வரை கட்ட வேண்டிய வரி சுழியம். ஆக, 4 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடைப்பட்டவர் பொதுவாக வரி கட்ட வேண்டாம், ரிட்டர்ன் கட்டாயம். வரி கட்டாதவரையும் கணக்குக் காட்டச் சொல்லும் ஏற்பாடு ஒரு வரம்புக்கு மேல் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. அதை எல்லாருக்கும் நீட்டுவதா என்பதே கேள்வி.

2019–20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். ஆண்டுக்கு 60,000. வரம்பு எங்கே, இவர்கள் எங்கே!

வரம்பைத் தாழ்வாக வைத்து வலையை அகலமாக வீசிப் பார்த்த அனுபவம் நமக்கு உண்டு. 1857 எழுச்சி வைத்த கடனை அடைக்க 1860இல் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 200 ரூபாய் வருமானமே வரம்பு. 500 வரை 2 சதவீதம், மேலே 4 சதவீதம். சட்டத்துக்கு 259 பிரிவுகள். மதராஸ் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். தம் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்தார். இரண்டே ஆண்டில், 1862இல், 500 ரூபாய்க்குக் கீழான 2 சதவீத வகுப்பையே அரசு நீக்கிவிட்டது. ஆள்கணக்கில் பெரும்பகுதி அங்கே இருந்தது. பணம் சொற்பமாகத்தான் வந்தது. தொல்லையும் லஞ்சமும் மிச்சம். பிறகு ட்ரெவெலியனே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1865இல் அந்த வரி முற்றாகக் காலாவதியானது. ஆளுநர் வேலையை இழந்தவர் வாதத்தில் தோற்கவில்லை.

“முந்தைய ஆண்டில்”

ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதற்கடுத்தது மதிப்பீட்டு ஆண்டு. இந்த இரட்டைக் கணக்கு படித்தவர்களையே குழப்பியது. புதிய சட்டம் இரண்டையும் விட்டு ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாக்கியிருக்கிறது. நல்ல காரியம். மேலே போகலாம்.

“உரிய நாளுக்குள்”

தனி ஆட்களில் பெரும்பாலோருக்கு ஜூலை 31. தவறினால் 234எஃப் பிரிவின்படி 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ரிட்டர்ன் கட்டாயமில்லாதவர் தாமதித்தால் இந்தக் கட்டணம் இல்லை. கட்டாயத்தை எல்லாருக்கும் நீட்டினால், தவறினவருக்கு ஏதாவது தண்டம் வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது கட்டாயமில்லை. கட்டணங்களில் மிகச் சிறியதான அந்த 1,000 ரூபாயையே தண்டமாக வைத்தாலும், மகளிர் உரிமைத் தொகையில் ஒரு மாதத்தது போயிற்று. வங்கதேசம் 2023–24 பட்ஜெட்டில் இதைவிட ஒரு படி தாண்டிப் பார்த்தது. அரசுச் சேவைகள் பலவற்றுக்கு ரிட்டர்ன் ரசீது கட்டாயம் என்று முன்பே ஆக்கியிருந்தார்கள். அந்த ரசீதுக்காக வருமானமே வரம்பைத் தாண்டாதவரும் குறைந்தது 2,000 டாக்கா கட்ட வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது; முன்மொழிவைக் கைவிட்டார்கள். கணக்குத்தானே கேட்கிறோம் என்று தொடங்கினது கட்டணத்தில் போய் நின்றது.

“விதித்த படிவத்தில், விதித்தபடி உறுதி செய்து”

எளிய படிவம் என்று பெயர் பெற்ற சஹஜ், அதாவது ஐடிஆர்–1, நம் தறிக்காரருக்கு ஆகாது. அதில் தொழில் வருமானத்துக்கு இடமில்லை. அவருக்கு ஐடிஆர்–4, சுகம். பெயர் சுகம்தான். நிரப்பியபின் 30 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் தாக்கல் செய்ததாகவே கணக்கில்லை. ஆதாருடன் இணைத்த செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் பழைய சிம்மோடு போயிருந்தால், ஆதாரில் எண் மாற்ற ஒரு நடை. பான் அட்டையை ஆதாருடன் இணைக்காமல் விட்டிருந்தால் 1,000 ரூபாய் கட்டி அதை உயிர்ப்பிக்க இன்னொரு நடை. இதையெல்லாம் அவரே செய்யப் போவதில்லை. பிரவுசிங் சென்டர் தம்பியோ, ஊரார் ‘ஆடிட்டர்’ என்று அழைக்கும் வரி ஆலோசகரோ செய்வார். “அண்ணே, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றதும் அவர் ஆறு எண்களைச் சொல்வார். சட்டத்தின் கண்ணில், இதிலுள்ள எல்லாம் சரி, முழுமை என்று அவர் கையெழுத்திட்டாகிவிட்டது. தெரிந்தே பொய்க் கணக்கு கொடுத்தால் சிறை என்கிறது 277ஆம் பிரிவு. படிவத்தில் என்ன எண் போனது என்பதே அவருக்குத் தெரியாது; ‘தெரிந்தே’ என்பதை எப்படி நிறுவுவது, எப்படி மறுப்பது?

இது வெறும் கற்பனை அச்சமல்ல. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் ஏறத்தாழ 150 இடங்களில் சோதனை போட்டது. போலிக் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தந்த இடைத்தரகர்கள்தான் இலக்கு, தமிழ்நாட்டிலும் நடந்தது. தரகர் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார், நோட்டீஸ் பான் அட்டைக்காரருக்கு வரும். சம்பளக்காரர்களிடமே இப்படி நடந்திருக்கிறது. இதே தரகருக்கு 97 கோடி வாடிக்கையாளர்களைச் சட்டமே பிடித்துக் கொடுத்தால்?

கூலியிலேயே வரி பிடிப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலாளி பெரிய வணிகர் என்றால், ஆண்டுக் கூலி ஒரு லட்சத்தைத் தாண்டும்போது 194சி பிரிவின்படி 1 சதவீதம் பிடிக்க வேண்டும். பான் கொடுக்காதவரிடம் 20 சதவீதம். 1,80,000க்கு 1,800 ரூபாய். வரியே இல்லாதவரிடம் பிடித்த அந்தப் பணத்தைத் திரும்பப் பெற ஒரே வழி ரிட்டர்ன். ஆடிட்டருக்குக் கொடுத்தது போக மீதி என்ன என்று பார்த்துவிட்டு, பலர் அதை மறந்துவிடுவதே லாபம் என்று விட்டுவிடுகிறார்கள். ரிட்டர்ன் ஓர் உரிமையாகப் பயன்பட வேண்டிய இடம் இது. சட்டம் அங்கே அதை எளிதாக்காமல் விட்டிருக்கிறது.

‘ஆயினும்’ என்று தொடங்கும் விதிவிலக்குகள்

மூலத்துக்குக் கீழே வால் போல நீளும் இவற்றில்தான் ‘எல்லாரும்’ என்ற ஆசை ஒளிந்திருக்கிறது. 1997இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, சென்னை உட்பட 12 நகரங்களில், கார், வீடு, தொலைபேசி, வெளிநாட்டுப் பயணம் என்ற நான்கில் இரண்டு இருந்தால் வருமானம் எதுவானாலும் ரிட்டர்ன் கட்டாயம் என்று ஒரு விதி வந்தது. மறு ஆண்டு நிதியமைச்சரான யஷ்வந்த் சின்கா கிரெடிட் கார்டையும் கிளப் உறுப்பினர் பதவியையும் சேர்த்து, ஆறில் ஒன்று இருந்தாலே போதும் என்றார். தொலைபேசி வீட்டுக்கு வீடு வந்த காலத்தில் அது அடையாளமாகவே நிற்கவில்லை. 2005இல் அதை எடுத்துவிட்டு மின்கட்டணத்தை வைத்தார்கள். 2006இல் திட்டத்தையே கைவிட்டார்கள். கைவிட்டவரும் சிதம்பரமே.

2019இல் அதே யோசனை வேறு உடையில் திரும்பியது. நடப்புக் கணக்கில் 1 கோடிக்கு மேல் போட்டவர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டவர், மின்கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர். 2022இல் இன்னும் சில சேர்ந்தன: விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியவர், வரிப் பிடித்தம் 25,000 ரூபாயை எட்டியவர், சேமிப்புக் கணக்கில் 50 லட்சம் போட்டவர். இந்த வகை எனக்கு உடன்பாடு. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடை இதில் மாட்டும். கைத்தறிக்காரருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரமே இலவசம். அவர் இதில் மாட்ட மாட்டார். பணம் நடந்த தடத்தைப் பார்த்து ஆளைக் கேட்கிறது சட்டம். ஆளை எல்லாம் நிறுத்தித் தடம் உண்டா என்று கேட்பதில்லை. மறுபக்கம், 75 வயது நிரம்பியவருக்கு ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்தால் வங்கியே கணக்கிட்டு வரியைப் பிடித்துக்கொள்ளும், ரிட்டர்ன் வேண்டாம் என்று 2021இல் 194பி பிரிவு வந்தது. அரசே தன் கையில் உள்ள தகவலை வைத்துக் கணக்குப் போட முடியும் என்பதற்கு இது சான்று.

“கணக்கை அளிக்க வேண்டும்”

யார் யாருக்கு? டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் வரித் துறை தானே நிரப்பிய கணக்கை அனுப்பி, சரியா என்று கேட்கிறது. பிரிட்டனில் 1944 முதல் சம்பளத்திலேயே வரி பிடித்து முடித்துவிடுவதால் பெரும்பாலான ஊழியர்கள் ரிட்டர்ன் பக்கமே போவதில்லை. அங்கெல்லாம் கூலியின் பெரும்பகுதி எழுத்து வழியே நடக்கிறது. நம் நாட்டில் சம்பளக்காரருக்கு இது பாதி நடந்தாயிற்று. அவருடைய சம்பளம், வட்டி, பங்கு விற்பனை எல்லாம் ஆண்டுத் தகவல் அறிக்கையில் முன்பே ஏறிவிடுகின்றன. தறிக்காரருக்கு நடக்கவில்லை. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினராக இருந்தால் கூலி சங்கத்தின் ஏட்டில் ஏறும். தனி முதலாளியிடம் நெய்தால், அது முதலாளியின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு ஜிஎஸ்டிக்காக எழுதிய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பது முதலாளியைக் கேட்க வேண்டிய கேள்வி. கூலி கொடுத்தவர் கணக்கை அளித்து, வாங்கியவருக்கு அதன் நகல் தமிழில் போகட்டும். அதில் தவறு இருந்தால் தறிக்காரர் எழுதிக் கேட்கட்டும். பிடித்த 1,800 ரூபாயும் அவர் கேட்காமலே கணக்குக்குத் திரும்பட்டும்.